நாலு பல்லும் ஒரு ‘ம்’மும்

தமிழ் எழுத்துகளிலேயே உன்னதமானது ‘ம்’தான். இதில் கருத்து வேறுபாடு உள்ளவர்கள் எந்த அலுவலகத்திலும் வேலை பார்த்திருக்க முடியாது. மற்ற எழுத்துகள் எல்லாம் உழைப்பைக் கேட்பவை. ‘த’ சொல்ல நாக்கு போய்ப் பல்லைத் தொட வேண்டும். ‘ழ’ சொல்ல அது மேலே போய் வளைய வேண்டும். ‘அ’ சொல்ல வாயைத் திறந்தே ஆக வேண்டும். திறந்தால் உள்ளே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது ஊருக்குத் தெரிந்துவிடும். ‘ம்’ அப்படியல்ல. வாயை மூடிக்கொண்டே பேசி முடித்துவிடலாம். இலக்கணக்காரர்கள் இதை மெய்யெழுத்து என்கிறார்கள். எழுத்து மெய்தான். அதைச் சொல்லி யாரும் மெய் பேசியதாகத் தகவல் இல்லை.

இந்த ஓர் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு இருபது ஆண்டுகளாக ஒரு பிரிவையே நடத்திக் காட்டியவர் நம் குறைகேட்பு அதிகாரி. நகரக் குடிநீர் அலுவலகத்தில், படி ஏறியதும் இடது கைப்பக்கம், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அவருடைய மேசை, அதன்மேல் குறை சொல்பவர்களுக்கென்று ஒரு தொலைபேசி. தடுப்பில் வாய் உயரத்துக்கு ஒரு வட்ட ஓட்டை. அதற்கு மேலே பலகை. பொதுமக்கள் அந்தப் பலகையை அவசரத்தில் தப்பாகப் படித்துவிட்டுப் பிறகு வருத்தப்படுவார்கள். அதில் ‘குறைதீர்ப்பு’ என்று எழுதியிருக்கவில்லை. ‘குறைகேட்பு’ என்றுதான் எழுதியிருந்தது. கேட்பதோடு அந்தப் பிரிவின் கடமை முடிந்துவிடுகிறது. தீர்ப்பதற்கென்று தனிப் பிரிவு தொடங்குவது பரிசீலனையில் இருந்தது.

“சார், எங்க தெருவுல தண்ணியே வர்றதில்ல சார்.”

“ம்.”

“வந்தாலும் செம்மண்ணாத்தான் வருது.”

“ம்.”

“குழந்தைங்களுக்கு இதைத்தான் குடிக்கக் கொடுக்க வேண்டியிருக்கு.”

“ம்.”

“கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க சார்.”

“ம்...”

கடைசி ‘ம்’ சற்று நீளமாக இருக்கும். அதைக் கேட்டதும் வந்தவர் குடையை எடுத்துக்கொண்டு படி இறங்கிவிடுவார். “நல்ல மனுஷன். குறுக்கே ஒரு வார்த்தை பேசல” என்று வாசலில் நிற்பவரிடம் சொல்லிவிட்டும் போவார். அதிகாரி யாருக்கும் பொய் வாக்குக் கொடுத்ததில்லை. எந்த வாக்கும் கொடுத்ததில்லை என்பதால் இந்த நேர்மையைக் காப்பது அவருக்குச் சிரமமாகவும் இல்லை.

பல் விஷயத்திலும் அவர் பாரபட்சம் காட்டவில்லை. கீழ்வரிசைக் கடைவாய்ப் பல் ஒன்று லேசாகக் கூசித் தன் குறையைத் தெரிவித்தது. ‘ம்’ என்றார். கொஞ்ச காலம் கழித்து அதே பல் வலியாக நினைவூட்டியது. ‘ம்’ என்றார். பிறகு அது பக்கத்துப் பல்லையும் சேர்த்துக்கொண்டு கூட்டு மனு கொடுத்தது. மேல்வரிசையில் இரண்டு பற்கள் ஆதரவு தெரிவித்தன. அதிகாரி இடது பக்கமாக மென்றார், பிறகு வலது பக்கமாக மென்றார், அப்புறம் மெல்லுவதையே ஒத்திவைத்துவிட்டு அப்படியே விழுங்கினார்.

எல்லாம் இப்படிச் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் இயக்குநருக்கு ‘நவீனம்’ வந்தது. சிலருக்குச் சர்க்கரை வருவதுபோல் அவருக்கு அது ஐம்பது வயதுக்கு மேல் வந்தது. வைத்தியம் பார்க்க ஓர் ஆலோசகர் நியமிக்கப்பட்டார். இளைஞர், சுறுசுறுப்பானவர். குடிநீரோடு அவருக்கு இருந்த ஒரே தொடர்பு, அதைக் குடித்திருக்கிறார் என்பது. அதுவும் பாட்டிலில். அவர் அலுவலகத்தை நான்கு முறை சுற்றி வந்து, குறைகேட்புப் பிரிவை மூடிவிட்டு, ஆளில்லாமல் தானே குறை கேட்கும் ‘அன்புச்செவி’ என்ற தொலைபேசிக் கருவியை வைக்கலாம் என்று கண்டுபிடித்தார்.

ஒரு பழைய விதி மட்டும் குறுக்கே நின்றது. ஒரு பிரிவை மூடுவதென்றால் கூட்டத்தில் ஐந்து பேர் இருக்க வேண்டும். அந்த ஐவரில் அந்தப் பிரிவின் அதிகாரியும் ஒருவராக இருந்து தன் குரலிலேயே சம்மதிக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் செல்லாது. முன்பு ஒரு தடவை யாரோ யாருடைய கையெழுத்தையோ போட்டு ஒரு பிரிவை மூடிவிட்டார்களாம். எந்தப் பிரிவு என்பது யாருக்கும் ஞாபகமில்லை, விதி மட்டும் மிச்சம்.

ஆக, நம் அதிகாரியின் வேலை ஒரே ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் எழுந்து ‘வேண்டாம்’ என்று சொன்னால் வேலை நிலைக்கும். ‘ம்’ என்றால் போகும். அவருக்கு வேறு தொழில் தெரியாது. இந்த வயதில் எங்கே போய் யாருக்கு ‘ம்’ கொட்டுவது?

குளியலறைக் கண்ணாடி முன் நின்று பயிற்சி எடுத்தார். ‘வேண்டாம்’ என்ற சொல்லைத் தொடங்குவதற்குக் கொஞ்சம் தைரியம் வேண்டியிருந்தது. “வே...” என்று ஆரம்பிப்பார். நடுவில் இருப்பதெல்லாம் பயமுறுத்தும். ஆனால் அந்தச் சொல்லின் கடைசியில் பழகிய முகம் ஒன்று நின்றுகொண்டிருக்கும். அவர் நேரே அதனிடம் போய்விடுவார். “வே... ம்.”

“யாருகிட்ட பேசுறீங்க?” என்று மனைவி வெளியிலிருந்து கேட்பாள்.

“ம்” என்பார்.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை தோன்றியது. தான் இல்லாவிட்டால் கூட்டமே கூடாதே! ஒரு மருத்துவ விடுப்பு போதும். ஒன்று போனால் இன்னொன்று. ஆலோசகர்கள் நிலையாக ஓரிடத்தில் இருப்பதில்லை. அதற்குள் இவரும் வேறெங்காவது வேறெதையாவது மூடப் போய்விடுவார். இருபது ஆண்டுகளில் முதல்முறையாக அதிகாரி ஒரு குறையைத் தீர்க்க முடிவுசெய்தார். கூட்டம் நடக்க வேண்டிய நாள் காலையில் பல் டாக்டரின் நாற்காலியில் போய்ச் சாய்ந்தார்.

டாக்டர் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தார்.

“இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

“கேட்டுட்டிருந்தேன் டாக்டர்.”

“நாலும் போச்சு. ஆனா இப்போதைக்கு ஒண்ணுதான் அவசரம். மத்த மூணையும் ஒவ்வொண்ணா, நிதானமா எடுத்துக்கலாம்.”

“ஒண்ணு எடுத்தா எத்தனை நாள் லீவு தருவீங்க?”

“பல்லுக்கா லீவு? ஒரு நாள் போதும்.”

“நாலையும் எடுத்தா?”

“ஒரே நேரத்துலயா? வாரம் பூரா ரெஸ்ட் எடுக்கணும். வாயைத் திறந்து பேசவே கூடாது.”

“பேசவே கூடாதா?” அதிகாரியின் கண்களில் ஈரம் கசிந்தது. “எடுத்துடுங்க டாக்டர்.”

“வலிக்கும்.”

“பரவாயில்ல. இன்னும் ரெண்டு சேர்த்து எடுத்தா?”

“நல்ல பல்லை நான் எடுக்க மாட்டேன்.”

ஒரு மனிதர் இவ்வளவு சுலபமாக ‘மாட்டேன்’ என்று சொல்வதை அதிகாரி மிகுந்த மரியாதையோடு பார்த்தார். ஒரு ‘வேண்டாம்’ சொல்வதைவிட நாலு பல்லைக் கொடுப்பது எளிது என்று கணக்குப் போட்டவர் உலகில் இவர் ஒருவராகத்தான் இருப்பார் என்று நினைக்கிறீர்களா? உங்கள் அலுவலகத்தில் கொஞ்சம் சுற்றிப் பாருங்கள்.

பல் எடுத்து முடிந்ததும் டாக்டர், அதிகாரியின் மனைவியை உள்ளே கூப்பிட்டு விளக்கினார். துப்பக் கூடாது. உறிஞ்சிக் குடிக்கக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், மூக்கைச் சிந்தக் கூடாது.

“மேல்பல்லோட வேர் மூக்குக்கு ரொம்பப் பக்கத்துல இருந்துதும்மா. தையல் போட்டிருக்கேன். மூக்கு வழியா வேகமா காத்து விட்டா அவ்வளவுதான், உயிர் போற மாதிரி வலிக்கும்.”

“‘ம்’ சொல்லலாமா டாக்டர்? அது இல்லாம இவரால முடியாது.”

டாக்டர் யோசித்தார். தனக்குத்தானே மெல்லச் சொல்லிப் பார்த்தார். “‘ம்’ தாராளமா சொல்லலாம். ‘ம்ஹூம்’தான் கூடாது. நடுவுல அந்த ‘ஹூ’ இருக்கு பாருங்க, அதுல காத்து சர்ருனு வரும்.”

“அப்ப கவலையில்ல” என்று மனைவி மாத்திரைகளை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

வீட்டில் அதிகாரியை இரண்டு தலையணை வைத்து உட்கார்த்தினார்கள். கன்னம் இரண்டும் வீங்கி, காது எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாமல் போயிருந்தது. மனைவி பனிக்கட்டியைத் துண்டில் சுற்றி, தாடைக்கு அடியில் கொடுத்து, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள். முடிச்சின் இரு முனைகளும் இரண்டு பக்கமும் நின்றன. சாப்பாடு மிக்ஸியிலிருந்து வந்தது. ரொட்டி, உருளைக்கிழங்கு, வாழைப்பழம் எல்லாம் ஒரே நிறத்தில், ஒரே கிண்ணத்தில் வந்தன. அந்த வீட்டில் அந்த வாரம் மிக்ஸிக்குள் போகாதவர் அவர் ஒருவர்தான்.

ஆனாலும் மனசு லேசாக இருந்தது. சன்னல் வழியே மரத்தைப் பார்த்தார். கூட்டம் இப்போது கலைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். உடம்பு நோகாமல் ஜெயிப்பதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார். உடம்பு நொந்தாலும் வாய் திறக்காமல் ஜெயித்ததில் அவருக்கு ஒரு திருப்தி.

நலம் விசாரிக்க மேல்வீட்டு அண்ணன் இறங்கி வந்தார். பல்லைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, தன் முழங்காலைப் பற்றிச் சாயங்காலம் வரை பேசினார். அதிகாரி ‘ம்’ கொட்டினார். போகும்போது அவர் அதிகாரியின் மனைவியிடம், “உங்க வீட்டுக்காரர் முன்னைக்கு இப்ப எவ்வளவோ நல்லாப் பேசுறாரும்மா” என்றார்.

அடுத்த நாள் வாசல் மணி அடித்தது. மனைவி கதவைத் திறந்தாள். இயக்குநர் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் கூட்டத்தின் உறுப்பினர்கள் மூவர். அவர்களுக்குப் பின்னால், கையில் ஒரு கூடையோடு ஆலோசகர்.

“உங்களால வர முடியலன்னா என்ன? கூட்டம் உங்ககிட்ட வந்துடுச்சு! இதுதான் நவீனம்” என்று இயக்குநர் அறைக்குள் நுழைந்தார். கூடையை ஆலோசகர் படுக்கையில் வைத்தார். வால்நட்டும் ஆப்பிளும். “ஆப்பிள் பல்லுக்கு ரொம்ப நல்லது சார். நல்லாக் கடிச்சுச் சாப்பிடுங்க.”

அறையில் இருந்த ஒரே நாற்காலியில் இயக்குநர் அமர்ந்தார். ஓர் உறுப்பினர் படுக்கையின் கால்மாட்டில், மடிக்காத துணிகளின் மேல் உட்கார்ந்தார். இன்னொருவர் இஸ்திரி மேசையில் சாய்ந்துகொண்டார். மூன்றாமவர் கதவோரம் நின்றபடியே தூங்கத் தொடங்கினார்; அனுபவசாலி. இயக்குநர் ஒவ்வொருவராக எண்ணினார்.

“கூட்டம்னா கோரம் வேணும். எல்லாரும் இருக்கோம்ல?”

இருந்தது. ஆலோசகர் நீங்கலாக ஐந்து பேர். அதிகாரியின் முகத்தில் தனியாகவும் கொஞ்சம் கோரம் இருந்தது.

ஆலோசகர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “சார், பொதுமக்கள்கிட்ட ஓர் ஆய்வு நடத்தினோம். இருபது வருஷத்துல உங்ககிட்ட வந்து குறை சொன்ன ஒருத்தருக்குக்கூடத் தண்ணி வரல.”

“ம்” என்றார் அதிகாரி பயத்தோடு.

“ஆனா ஒருத்தர்கூட உங்க மேல கோபப்படல! எந்த ஆபீசுலயும் நடக்காத சாதனை சார் இது.”

“ம்?”

“அதுக்குக் காரணம் இந்த ‘ம்’தான்னு கண்டுபிடிச்சோம். அன்புச்செவிக்கு அதே மாதிரி ஒரு ‘ம்’ தேடினோம். பெரிய பெரிய குரல் கலைஞர்களை எல்லாம் வெச்சுப் பதிவு பண்ணிப் பார்த்தோம். ஒருத்தர் ‘ம்’னா, தண்ணி வந்துடும்னு நம்பி ஜனங்க குடத்தோட குழாயடியில போய் நின்னுடுறாங்க. இன்னொருத்தர் ‘ம்’னா, கல்லை எடுக்குறாங்க. உங்க ‘ம்’ல மட்டும்தான் சார் நம்பிக்கையும் இல்ல, அவநம்பிக்கையும் இல்ல. சுத்தமா ஒண்ணுமே இல்ல!”

இதைச் சொல்லும்போது ஆலோசகரின் குரல் தழுதழுத்தது. அதிகாரிக்கும் ஏதோ செய்தது. இருபது ஆண்டுகளில் யாரும் அவரைப் பாராட்டியதில்லை. பக்கத்தில் கிண்ணத்தோடு நின்றிருந்த மனைவியை நிமிர்ந்து பார்த்தார். கேட்டாயா, என்று அந்தப் பார்வை சொன்னது.

“அதனால உங்க ‘ம்’மையே பதிவு பண்ணிக்கலாம்னு வந்திருக்கோம்” என்று ஆலோசகர் கைபேசியை அவர் முகத்தருகே நீட்டினார். “ஒரு அம்மா அழுதுட்டே போன் பண்றாங்கன்னு வெச்சுக்குங்க.”

“ம்.”

“பிரமாதம். இப்ப ஒருத்தர் பல்லைக் கடிச்சுட்டு... மன்னிக்கணும், கோபமாக் கத்துறார்.”

“ம்.”

“ஒரு வயசானவர். ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்றார்.”

“ம்.”

“சார், மூணும் ஒரே மாதிரி இருக்கே!” என்று இயக்குநரைப் பார்த்தார் ஆலோசகர்.

“அதுதான்யா திறமை!” என்று இயக்குநர் தொடையைத் தட்டினார். “பல் இருந்தப்ப இருந்ததைவிட இப்ப இன்னும் கனமா இருக்கு. எடுத்ததும் நல்லதுக்குத்தான்.”

மொத்தம் பதினைந்து ‘ம்’ பதிவானது. அதிகாரி ஒவ்வொன்றையும் ரசித்துச் சொன்னார். கடைசியில் நீளமான அந்த ‘ம்...’மையும் யாரும் கேட்காமல் தானே சேர்த்துக் கொடுத்தார். இயக்குநர் கண்களைத் துடைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து வாசித்தார்.

“‘மேற்படி ம் கிடைக்கப்பெற்றதை முன்னிட்டு, குறைகேட்புப் பிரிவும் குறைகேட்பு அதிகாரி என்ற பதவியும் நாளை முதல் தேவைப்படாது என இக்கூட்டம் பெருமகிழ்ச்சியுடன் தீர்மானிக்கிறது.’ பிரிவின் அதிகாரிக்குச் சம்மதம்தானே?”

அதிகாரிக்குத் துண்டுக்குள் வேர்த்தது. நாலு பல்லைக் கொடுத்து எதைத் தவிர்த்தாரோ, அது ஆப்பிள் கூடையோடு படுக்கையில் வந்து உட்கார்ந்திருந்தது. இனி ஒளிய இடமில்லை. வாயைத் திறந்து ‘வேண்டாம்’ சொல்ல முடியாது. வாய் நிறையப் பஞ்சு. ‘ம்ஹூம்’ ஒன்றுதான் வழி. சொல்லிப் பார்த்தார். ‘ம்’ வந்தது. ‘ஹூ’ வரும் இடத்தில் மூக்குக்குள் ஊசியால் குத்தியது போலிருந்தது, நிறுத்திவிட்டார். மிச்சம் இருந்த ‘ம்’ தானாக வெளியே வந்தது.

“ம்... ம்.”

“ரெண்டு தடவை சம்மதிக்கிறார்!” என்றார் ஆலோசகர்.

அதிகாரி பதறிப்போய்த் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார். தலையோடு முடிச்சின் முனைகளும் ஆடின.

“எவ்வளவு உற்சாகமாத் தலையாட்டுறார் பாருங்க” என்றார் துணிமேல் உட்கார்ந்திருந்தவர்.

மேசை மேல் மாத்திரை அட்டை கிடந்தது. அதன் பின்பக்கம் ‘வேண்டாம்’ என்று பேனாவால் பெரிதாக எழுதி, இயக்குநரின் முகத்துக்கு நேரே பிடித்தார். இயக்குநர் படித்தார். அவருக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது.

“பாராட்டு வேண்டாமாம்! என்ன அடக்கம், என்ன அடக்கம்! சும்மா இருங்க சார், நாங்க பாராட்டாம யார் பாராட்டுவா?”

அதிகாரி அட்டையைத் தட்டித் தட்டிக் காட்டினார். இஸ்திரி மேசைக்காரருக்கு மட்டும் லேசாகச் சந்தேகம் வந்தது. “ஒருவேளை தீர்மானம் வேண்டாம்னு சொல்றாரோ?”

“அப்படியே இருந்தாலும் எழுத்து செல்லாது. விதி இருக்கு” என்றார் இயக்குநர். “இருந்தாலும் நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல? அம்மா, நீங்களே சொல்லுங்க. இவரோட ‘ம்’ உங்களுக்குத்தான் அத்துப்படி. இப்ப சொன்னாரே, அது சம்மதமா, இல்லையா?”

மனைவி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். கணவனின் முகத்தைப் பார்த்தாள். அதில் வீக்கத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை.

“எனக்கு என்ன சார் தெரியும்? இவர் இதுவரைக்கும் யாருகிட்டயும் ‘மாட்டேன்’னு சொல்லி நான் கேட்டதே இல்ல.”

“கடைசியா ஒரு தடவை கேக்குறேன்” என்று இயக்குநர் முன்னால் குனிந்தார். “சம்மதமா?”

அதிகாரி கண்களை மூடிக்கொண்டார். தையல் பிரிந்தாலும் பிரியட்டும் என்று நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். ஒரே ஒரு ‘ஹூ’. அதற்கு வேண்டிய காற்று உள்ளே வந்து சேர்ந்துவிட்டது. கண்ணைத் திறந்தார். ஓர் அடி தூரத்தில் இயக்குநரின் முகம் இருந்தது. புருவத்தை உயர்த்திக்கொண்டு, பதிலுக்குக் காத்துக்கொண்டு, அதிகாரத்தோடு இருந்தது.

“ம்” என்றார் அதிகாரி.

இம்முறை மூக்கில் வலி எதுவும் வரவில்லை. வருவதற்கு அவர் இடம் கொடுக்கவில்லை. இருந்தாலும் பழியைத் தையல் மேல் போட்டுவிடுவதுதான் நமக்கும் மரியாதை, அவருக்கும் மரியாதை.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கைதட்டலில் கதவோரம் நின்றவர் விழித்துக்கொண்டு, எதற்கென்று கேட்காமல் தானும் சம்மதித்தார். புறப்படும்போது ஆலோசகர் ஓர் ஆப்பிளை எடுத்துக் கடித்துக்கொண்டே போனார்.

வீக்கம் வடிய ஒரு வாரம் ஆயிற்று. பஞ்சு போனது, தையல் கரைந்தது, பேச்சு வந்தது. ஆனால் பேசப் போவதற்கு இடம் இல்லை. விழித்தால் எங்கும் கிளம்ப வேண்டியதில்லை என்பதே புதிய நோயாக இருந்தது. அதிகாரி கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தார். துளை விழுந்த இடங்களை நாக்கால் தடவித் தடவிப் பார்த்தார். இயக்குநரிடம் சொல்லியிருக்க வேண்டியதை எல்லாம் இப்போது அலமாரியிடம் சொன்னார். நன்றாகவே சொன்னார். “வேண்டாம்! சம்மதமில்லை! முடியாது!” எல்லா எழுத்தும் தெளிவாக விழுந்தது, நாலு பல் குறைந்ததில் உச்சரிப்புக்கு ஒரு குறையும் இல்லை.

ஒருநாள் காலை, டாக்டர் சொன்னபடி வெந்நீரில் உப்புப் போட்டு வாய் கொப்பளிக்கக் குழாயைத் திருகினார். குழாய் இருமியது. பிறகு அதுவும் நின்றது. குளியலறைக் குழாயும் அப்படியே. பல் எடுத்த துளைக்குள் எதுவோ சிக்கிக்கொண்டு உயிரை எடுத்தது. மனைவி குடத்தைக் கவிழ்த்துக் காட்டினாள். அதில் ஒரு சொட்டு இல்லை.

“போன் பண்ணிப் பாருங்களேன். உங்க ஆபீசுதானே?”

பண்ணினார். உடனே எடுத்தார்கள். காத்திருக்கவே வேண்டியிருக்கவில்லை. நவீனம் என்றால் நவீனம்தான்.

“வணக்கம். அன்புச்செவி. உங்கள் குறையைச் சொல்லுங்கள்.” பெண்குரல் இனிமையாக ஒதுங்கிக்கொண்டது.

“எங்க வீட்டுல தண்ணி வரலம்மா.”

“ம்” என்றது கருவி.

அதிகாரி கைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். மறுபடியும் வைத்துக்கொண்டார்.

“பல் எடுத்திருக்கேன். வாய் கொப்பளிக்கணும். அவசரம்.”

“ம்.”

“நான் யாரு தெரியுமா?”

“ம்.”

“இது என்னோட குரல்! என் படுக்கையில வந்து திருடிட்டுப் போனீங்க! எனக்குச் சம்மதம் இல்ல! இல்ல, இல்ல, இல்லவே இல்ல!” அதிகாரி கத்தினார். வாழ்நாளில் இப்படிக் கத்தியதில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. மேல்வீட்டு அண்ணன் சன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். “ஒரு மனுஷன் இவ்வளவு சொல்றேன், பதில் சொல்ல வாயில்லையா? காதுல விழுதா இல்லையா? நீயெல்லாம் ஒரு...”

“ம்...” என்றது கருவி, சற்று நீளமாக. இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு அழுகை வந்தது. எத்தனையோ பேர் குடையை எடுத்துக்கொண்டு அந்தப் படியில் இறங்கிப் போனதை அவர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறார். இறங்கிப் போய்ப் பார்த்ததில்லை.

“என்ன சொன்னாங்க?” என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

மனைவி குடத்தை இடுப்பில் வைத்தபடி வெளியே வந்து நின்றாள்.

“எவ்வளவோ எடுத்துச் சொன்னேன்” என்றார். “கடைசி வரைக்கும் ‘ம்’னுதான் சொல்லுது.”

“நான் பண்ணினப்பவும் அதேதான்.”

“நீ எப்ப பண்ணின? கருவி வெச்சே கொஞ்ச நாள்தானே ஆகுது?”

“கருவிக்கு யாரு பண்ணினா? உங்களுக்குத்தான். தண்ணி வரலன்னு வீட்டுல சொல்லிச் சொல்லிப் பார்த்து, சரி, ஆபீசுல சொன்னாலாவது கேப்பீங்களான்னு மாசா மாசம் பண்ணிட்டிருந்தேன். பேசுறது நான்னு உங்களுக்கு ஒரு தடவைகூடத் தெரியல.” அவள் குரலில் கோபம் இல்லை, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். “‘ம்’னுட்டீங்கல்ல? அப்ப தண்ணி வராது. எழுந்திருங்க, மேல்வீட்டுல போய்க் கேப்போம்.”